தகரக் கொட்டகையில் முழு இரவு ஜெபம்: மைக் ஊளையிடாமல் இருக்க வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமாருக்கு ஸ்தோத்திரம். முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமச் சபையின் முழு இரவு ஜெபத்துக்கு இசை, ஒலி உதவிக்குப் போகிறோம். 40க்கு 20 அடி கொட்டகை, 10 அடி உயரத்தில் தகரக் கூரை, பாயில் சுமார் 120 பேர்.

ஆராதனை சூடு பிடிக்கும்போதுதான் சிக்கல். கைத்தட்டல், டம்பரின், அந்நிய பாஷை (ஆவியில் நிறைந்து பேசும் ஜெபம்) எல்லாம் தகரத்தில் மோதி மைக்குக்கே திரும்பும். பாஸ்டர் மைக்கோடு ஜனத்துக்குள் இறங்கி ஸ்பீக்கருக்கு முன்னால் வந்தால் ஊளைதான். உடனே "சத்தம் கூட்டுங்க" என்பார்கள். கூட்டினால் இன்னும் மோசம்.

கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம் என்பது முடிவு. இரண்டு காலம் (column, நீளப் பெட்டி) ஸ்பீக்கர்களை மைக்குக்கு 3 அடி முன்னால், தலைக்கு மேலே, கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுவோம். ட்ரெபிளை (கீச்சென்ற உயர் ஒலியை) குறைப்போம். டோலக்குக்கு மைக் எதற்கு, அது தானாகவே ஊரை எழுப்பும்!

மாலையில் வோல்டேஜ் இறங்கினால் கீபோர்டு அணைந்து அணைந்து வரும்; அதற்கு ஸ்டெபிலைசர். ஆம்ப்ளிஃபயரை நேரே 12 வோல்ட் பேட்டரியில் கொடுப்போம். இரவு 10 மணிக்கு மேல் திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது, இங்கே பக்கச் சுவர் இடுப்பளவுதான். ஆகவே மைக் 7 முதல் 10 வரை மட்டும்: 5 ஆம்பியர் வீதம் 3 மணி நேரத்துக்கு 15 ஏஎச் (ஆம்பியர்-மணி), 40 ஏஎச் பேட்டரி தாராளம்.

தெரியவேண்டியது இதுதான்: கூரைக்கடியில் சணல் சாக்கா, ஓலைப் பாயா, எது எதிரொலியை அதிகம் குறைக்கும்? தகரத்திலிருந்து எத்தனை அங்குலம் இடைவெளி விடணும்? தெர்மாகோல் சொல்லாதீங்க, தீப்பிடிக்கும், சத்தத்தையும் உறிஞ்சாது. சபையிடம் காசு கிடையாது, செலவு 2,000 ரூபாய்க்குள் முடியணும்.