79 ஐபனெஸ் ஆர்ட்டிஸ்ட்: வால்யூம் கரகரப்பு, ஃப்ரெட்ல பஸ், என்ன பண்ணலாம்?

மழைக்கால_கார்டு:
டோக்கியோல வேலை பாக்குறேன். ஒச்சனோமிசு கிட்டார் தெருவுல ஆறு மாசம் சுத்தி போன சனிக்கிழமை பழைய ஐபனெஸ் ஆர்ட்டிஸ்ட் எலக்ட்ரிக் கிட்டார் ஒண்ணு வாங்கிட்டேன், ஹெட்ஸ்டாக் (கம்பி முறுக்குற தலைப்பகுதி) பின்னாடி எச்79னு நம்பர் ஆரம்பிக்குது. நல்ல கனம், ஆனா ஒரு நோட்ட அடிச்சு விட்டா அடங்கவே மாட்டேங்குது. வால்யூம் திருப்புனா கரகரங்குது, அப்புறம் ரெண்டாவது கம்பில மூணாவது ஃப்ரெட்டுல (விரல் வைக்கிற பலகைல குறுக்க இருக்குற உலோகப் பட்டை) பஸ் அடிக்குது, அதாவது கம்பி உரசி இரையுது, அந்த எடத்துல தேஞ்சு பள்ளமாயிருக்கு, நகத்த வெச்சா தட்டுது. ஒரு ரிப்பேர் கடைல பிக்கப் (கம்பி அதிர்வ சிக்னலா மாத்துற காந்தம்), பாட் (வால்யூம் திருகு), ஃப்ரெட் எல்லாத்தையும் மாத்திரலாம்னாங்க. மனசே வரல. மாத்தித்தான் ஆகணுமா?

எட்டாம்கட்டை:
தம்பி, பிக்கப்ப தொட விடாதீங்க. பழைய ஒரிஜினல் பிக்கப் இருந்துச்சுன்னா அதுக்காகவே இந்த கிட்டார தேடி அலையுறவங்க இருக்காங்க. எச்னா எட்டாவது எழுத்து, அப்ப 1979 ஆகஸ்ட், மாட்சுமோட்டோல ஃபுஜிகென் ஃபேக்டரி சரக்கு. கரகரப்பு வெறும் அழுக்குதான். பின்மூடிய கழட்டி, பாட்ல கால் வர்ற எடத்துல இருக்குற சந்துல காண்டாக்ட் க்ளீனர் ஒரே அடி அடிச்சு இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் முப்பது தடவ திருப்புங்க. டபிள்யூடி-40 வேணாம். அமெரிக்க சைஸ் பாட்டுக்கு கழுத்து பெருசு, அத போடணும்னா ஓட்டைய ட்ரில் பண்ணணும், நாப்பது வருஷ மரத்துல அத யாரும் பண்ணக்கூடாது.

கம்பிவாத்தி:
ஃப்ரெட்ட குறை சொல்றதுக்கு முன்னாடி நெக்க பாருங்க ப்ரோ. ஒண்ணாவது ஃப்ரெட்டுல கேப்போ (எல்லா கம்பியையும் அமுக்குற கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்ட அமுக்கி, ஏழாவது எட்டாவது கிட்ட கம்பிக்கு கீழ எவ்வளவு எடம்னு பாருங்க, விசிட்டிங் கார்டு நுழையிற அளவு இருந்தா போதும். எடமே இல்லன்னா ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள அதோட வளைவ மாத்துற இரும்புக் கம்பி) லூஸ் பண்ணணும், ஒரு தடவைக்கு கால் சுத்துதான், அப்புறம் ஒரு நாள் விட்ருங்க. அதுக்கப்புறமும் பஸ் அடிச்சா லெவல் பண்ணி (ஃப்ரெட்ட எல்லாம் ஒரே உயரமா தேச்சு) க்ரவுன் போட்டா (மேல்பக்கத்த திரும்ப உருட்டையாக்குனா) சரியாயிடும், ஃப்ரெட் உயரம் இன்னும் மிச்சம் இருக்கணும் அவ்வளவுதான்.

சதர்ன்_ஸ்ட்ராட்:
நான் கொஞ்சம் மாறுபடுறேன். ஃப்ரெட்டு தேயுறதுக்குன்னே இருக்குற சாமான், வண்டி டயர் மாதிரி. உயரம் இல்லன்னா தயங்காம மாத்துங்க, என் 80கள் ஜப்பான் ஸ்ட்ராட் கிட்டாருக்கு ஃப்ரெட் மாத்தினதுக்கப்புறம்தான் தினம் கையில எடுக்குறேன். இன்னொண்ணு, இத லாசூட் (வழக்கு) கிட்டார்னு சொல்லி யாராச்சும் வெலை பேசுனா நம்பாதீங்க. அமெரிக்க கிட்டார் கம்பெனி கிப்சனோட அப்போதைய தாய் கம்பெனி நார்லின் 1977ல ஐபனெஸோட அமெரிக்க கம்பெனி மேல கேஸ் போட்டது, கிப்சன காப்பியடிச்ச மாடல்களோட ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக. ஆர்ட்டிஸ்ட் ஐபனெஸோட சொந்த டிசைன், அதனாலதான் எனக்கு அது மேல அவ்வளவு மரியாத.

மழைக்கால_கார்டு:
எட்டாம்கட்டை அண்ணா, கரகரப்பு சுத்தமா போயிருச்சு! நெக்ல கார்டு நுழையவே இல்ல, கால் சுத்து லூஸ் பண்ணி விட்டேன், இன்னைக்கு காலைல சரியா நுழையுது. பஸ் பாதி கொறஞ்சிருக்கு. லெவல் மட்டும் பண்ணச் சொல்லி வேற ஆள்கிட்ட குடுக்கப்போறேன், அதுவரைக்கும் ஆறாவது ஃப்ரெட்டுக்கு மேலயே வாசிச்சிட்டு இருக்கேன், அங்க எல்லாம் அப்படியே பாடுது.