பாகியோ போன தம்பிக்குக் கம்பளி உடுப்பு: உதவி தேவை

வணக்கம் உறவுகளே. என் தம்பி மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியனாகப் பிலிப்பைன்ஸில் இருக்கிறான். 24 மாத ஊழியம். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். பெயர் வந்தால் உடனே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இம்முறை வெக்கையான ஊரிலிருந்து பாகியோவுக்கு மாற்றிவிட்டார்கள். சுமார் 1,500 மீற்றர் உயர மலை நகரம். அவனிடம் இருப்பதெல்லாம் அரைக்கைச் சட்டைகள். வாராந்த வீடியோ அழைப்பில், புதிய துணை ஊழியனின் ஜம்பரைப் போட்டிருந்தான்; கை முழங்கையைத் தாண்டிக் கொஞ்சம்தான் வந்தது. குளிரைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. பழைய ஊரில் புறப்படும்போது சோறு கட்டிக் கொடுத்த ஆச்சியைச் சொல்லித்தான் அழுதான். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

யாழ்ப்பாணத்தில் தடித்த கம்பளி ஜம்பர் எங்கே கிடைக்கும்? நுவரெலியாவில் இருப்பவர்கள் வாங்கி அனுப்பினால் பணத்தை உடனே அனுப்புவேன். பிலிப்பைன்ஸுக்குத் தபாலில் பார்சல் போட்டவர்கள், எத்தனை நாளில் சேர்ந்தது என்று சொல்லுங்கள். பருத்தித்துறை வடையும் வைக்க வேண்டும் என்று அம்மா நிற்கிறார். நொறுங்காமல், சிக்கு மணம் வராமல் எப்படிப் பொதி செய்வது?