ஜிசெல் பாலே: எந்தப் படப்பதிவைப் பார்க்கலாம்?

கேள்வி:
1841-இல் பாரிசில் அரங்கேறிய, அடோல்ஃப் ஆதாம் இசையமைத்த ‘ஜிசெல்’ பாலே நடன நாடகத்தை முதன்முறையாகப் பார்க்க விரும்புகிறேன். லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் 1956-இல் படமாக்கப்பட்ட, கலினா உலனோவா ஆடிய பதிவு, 2006-இல் அங்கேயே அலினா கொஜோகாரு ஆடிய பதிவு ஆகிய இரண்டில் எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
படமும் ஒலியும் தெளிவாக இருப்பதால் 2006 பதிவிலிருந்து தொடங்குங்கள். காதலன் மாறுவேடமிட்ட பிரபு என்பதும், அவனுக்கு வேறொருத்தி நிச்சயிக்கப்பட்டவள் என்பதும் தெரிந்து சித்தம் கலங்கும் நாயகி ஜிசெல், முன்பு அவனருகில் அமர்ந்து ‘காதலிக்கிறானா, இல்லையா’ என்று பூவிதழ்களைப் பிய்த்துக் குறி பார்த்ததை இப்போது வெறுங்கையால் மீண்டும் செய்கிறாள். அந்த விரல்களின் அசைவு அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டாது, கேமராவுக்கு எட்டுகிறது.

மறுமொழி 2:
முதல் அங்கத்துக்கு அது பொருந்தும். இரண்டாம் அங்கத்திலோ, மணமாகுமுன் இறந்த பெண்களின் ஆவிகளான விலிகள் ஒற்றைக் காலில் தத்தியபடி இரு அணிகளாக எதிரெதிரே வந்து, ஒன்றையொன்று ஊடுருவிக் கடக்கும்போது மேடை முழுவதும் தெரிய வேண்டும்; அங்கே கேமரா நெருங்கி முகத்தைக் காட்டுவது பெருங்குறை என்பேன். உலனோவாவையும் தவறவிடாதீர்கள். 1956-இல் அவருக்கு வயது 46. ஆயினும், முதல் அங்கத்தில் நாணத்தோடு தலை தாழ்த்தும்போது ஒரு கிராமத்து இளம்பெண்ணை மட்டுமே காண்கிறோம்.