சனிக்கிழமை சம்பளமும் வராத பில்லும்: கட்டட வேலை எடுத்தவர்களின் அனுபவங்கள்

சிவகங்கைப் பக்கத்திலிருந்து:

பதினான்கு வருடமாகச் சின்ன அரசு வேலைகள் எடுத்துச் செய்கிறேன். வகுப்பறை, சிறுபாலம், கழிப்பறை மாதிரி. வேலையில் நஷ்டப்பட்டுத் தொழிலை விட்டவர்களைவிட, வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தே தொழிலை விட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் அந்த விளிம்பு வரை போனவன்.

2021 செப்டம்பரில் இரண்டு வகுப்பறைக்கு டெண்டரில் விலை போட்டேன். போட்டி அதிகம். துறை போட்ட எஸ்டிமேட்டை விட 9 சதவீதம் குறைத்துப் போட்டுத்தான் கிடைத்தது. அன்றைக்குக் கம்பி கிலோ 60 ரூபாயை ஒட்டி. இடத்தை ஒப்படைக்கவே தாமதம், அப்புறம் மழை. கூரைக்குக் கம்பி இறக்கியபோது 2022 ஏப்ரல் ஆகிவிட்டது, கிலோ 80. உக்ரைன் போர் மூண்டு உலகம் முழுக்க உருக்கு விலை ஏறிய நேரம். மே மாதம் மத்திய அரசு உருக்கு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்ட பிறகுதான் விலை இறங்கியது. அதற்குள் என் கூரை போட்டாகிவிட்டது. ஆறு மாத ஒப்பந்தம் என்பதால் விலை உயர்வுக்கு ஈடு கேட்க அதில் வழியும் இல்லை.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். என்னை அடித்தது பார்ட் பில், அதாவது முடிந்த வரைக்குமான வேலைக்குப் போடும் பில். எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் அளவு எழுதி, மேலே போய்க் கையெழுத்தாகி, நிதி ஒதுக்கீடு வரவில்லை என்று நின்றது. ஏழு மாதம். வந்தபோதும் வருமான வரி 1, ஜிஎஸ்டி பிடித்தம் 2, தொழிலாளர் நல நிதி 1, வேலையில் குறை வந்தால் என்று பிடித்து வைத்துப் பிறகு தரும் ரிடென்ஷன் 5 என்று நூற்றுக்கு 9 ரூபாய் கழிந்துதான் வந்தது. நான் கணக்குப் போட்டிருந்த லாபமே எட்டுதான்.

அந்த ஏழு மாதத்திலும் சனிக்கிழமை வாராவாரம் வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கையில் 11,000 ரூபாய். ஆள் பதினாறு பேர். மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் கொத்தனாருங்களுக்கும் அடுத்த வாரம் பாத்துக்கலாம்ணே, சித்தாளுங்களுக்கு மட்டும் இன்னைக்கே குடுத்துருங்க, அதுங்க அரிசி வாங்கணும்" என்றார். அன்று இரவு தூங்கவில்லை. திங்கள்கிழமை வீட்டு நகை அடகுக்குப் போனது.

வேலைக்கும் பில்லுக்கும் நடுவில் இருக்கும் அந்த மாதங்களை நீங்களெல்லாம் எப்படிக் கடந்தீர்கள்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து:

அண்ணை, உங்கட சனிக்கிழமைக் கதையை வாசிச்சு மனம் கனத்துப் போச்சு. எனக்கும் அதே 2022 தான். ஆனால் இங்க நாடே விழுந்தது.

ஒரு மாடிக் கட்டடம், அரச ஒப்பந்தம். 2021இல் 1,300 ரூபாய்க்குள்ள வாங்கின 50 கிலோ சீமெந்து, அடுத்த வருசம் நடுவில 3,000ஐ நெருங்கிட்டுது. மார்ச்சில ரூபாயின்ர மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் எண்டு மிதக்கவிட்டாங்கள், ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில வட்டியை 7 புள்ளி கூட்டினது, நாலு நாள் கழிச்சு வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிறுத்திறம் எண்டு அரசாங்கம் அறிவிச்சது. வங்கியில நான் எடுத்த மேலதிகப் பற்றுக் (ஓவர்டிராஃப்ட்) கடனுக்கு வட்டி 20 வீதத்தைத் தாண்டினது. எனக்கு வரவேண்டிய காசுக்கு ஒரு சதம் வட்டி இல்லை.

எங்கட ஒப்பந்தத்தில விலை ஏற்ற இறக்கத்துக்குச் சூத்திரம் இருந்தது. கணக்குப் போட்டுக் குடுத்தன், சரியெண்டு ஒத்துக்கொண்டாங்கள். ஆனால் திறைசேரியில காசில்லை. தாளில உரிமை இருந்தும் கையில ஒண்டும் இல்லை. கலவை இயந்திரத்துக்கு டீசல் எடுக்க இரண்டு நாள் வரிசையில நிண்டம். கடைசியில இயந்திரத்தையும் வித்தன். என்னோட ஒன்பது வருசம் நிண்ட இரண்டு மேசன்மார் கட்டாருக்குப் போயிட்டினம். காசு பிந்தியெண்டாலும் கொஞ்சம் கொஞ்சமா வந்தது. அவங்கட கைவேலை திரும்பி வரேல்ல.

நாமக்கல்லிலிருந்து:

அப்பாவின் கம்பெனிக்கு ஒன்பது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். சைட்டில் நடப்பதை அண்ணன்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். மேசையில் நடப்பதை நான் சொல்கிறேன்.

2022 ஜூலை 18 முதல் அரசு வேலைகளுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 18 ஆனது. எங்கள் கையில் பாதி முடிந்த வேலை மூன்று. கூடிய 6 சதவீதத்தைத் துறை தருமா என்று பதில் வரவே பல மாதம் ஆனது. ஆனால் பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். எங்களிடம் ஜிஎஸ்டிக்காகப் பிடித்த 2 சதவீதமும், பிடித்த அலுவலகம் அதன் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் எங்கள் பேரில் ஏறும். அதற்காக நான் எத்தனை முறை பஸ் ஏறியிருக்கிறேன்!

வங்கியில் எங்களுக்கு 40 லட்சம் சிசி, அதாவது வர வேண்டிய பில்லைக் காட்டித் தேவைக்கு எடுக்கும் கடன் வரம்பு. 90 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ள பில்லை மேனேஜர் கணக்கில் எடுக்க மாட்டார். அதாவது பில் தாமதமாகிப் பணம் தேவைப்படும் அதே மாதத்தில் எங்கள் வரம்பும் சுருங்கும். "சார், தர வேண்டியது அரசாங்கம், ஓடிப்போகுமா?" என்று கேட்டேன். "விதி அப்படிம்மா" என்றார். நல்ல மனிதர்தான். வெளியே வந்து அப்பா ஒன்றுமே பேசவில்லை. அந்த வாரமே மாதம் 3 வட்டிக்கு வெளியில் வாங்கினோம். எங்கள் வேலைக்காக வங்கி துறைக்குக் கொடுத்த உத்தரவாதத்துக்கு (பேங்க் கேரண்டி) ஈடாக ஒரு டெபாசிட்டும் முடங்கிக் கிடந்தது. எங்கள் பணம்தான், தொட முடியாது.

அதற்குப் பிறகு நான் ஒன்றில் பிடிவாதமாக இருக்கிறேன். ஐந்து மாதச் சம்பளத்துக்கும் சரக்குக்கும் கையில் பணம் இல்லாத வேலைக்கு அப்பாவை டெண்டர் போட விடுவதில்லை. இரண்டு நல்ல வேலைகள் கைநழுவின. அப்பாவுக்கு இன்னும் என்மேல் வருத்தம். 2025 செப்டம்பரில் சிமெண்ட் வரி 28லிருந்து 18க்கு இறங்கியதால் முதலில் போட வேண்டிய பணம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிவகங்கை அண்ணா, அந்த மேஸ்திரி இப்போது எங்கே இருக்கிறார்?

மீண்டும் சிவகங்கையிலிருந்து:

கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனி சைட்டில் இருக்கிறார், தங்கச்சி. அவருக்குக் கொடுக்க வேண்டியதைப் பார்ட் பில் வந்த அன்றே கொடுத்துவிட்டேன். ரிடென்ஷன் 2024 கடைசியில்தான் வந்தது, அதில் நகையை மீட்டேன். போன தீபாவளிக்கு அவரே போன் செய்து, "வேலை ஏதும் எடுத்திருக்கீங்களாண்ணே? சொன்னா ஆளோட வந்துர்றேன்" என்றார். நீங்கள் சொன்ன ஐந்து மாதக் கணக்கை இப்போது போட்டுப் பார்த்தேன். இன்னும் நாலரை லட்சம் குறைகிறது.