சோழவரம் பந்தயப் படம்: இந்தக் காரின் அடிப்படை எது?

கறுப்பு வெள்ளைப் படம். பின்புறம் பென்சிலில் ‘சோழவரம் (சென்னைக்கு அருகே இருந்த கார் பந்தயத் தளம்), 1968’. கையால் தட்டிச் செய்த அலுமினிய பாடி, ஒற்றை சீட், எண் 14. எஞ்சின் தெரியவில்லை.

ரிம்மை 13 அங்குலமாக வைத்து அளந்ததில் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) சுமார் 2330 மி.மீ. அடிப்படையாக இருந்திருக்கக்கூடிய இரண்டு கார்களில் எது என்று இதை வைத்து முடிவுக்கு வர முடியாது: ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ 2324 மி.மீ., ‘ஃபியட் 1100’ 2340 மி.மீ. படம் எடுத்த கோணமே அதைவிடப் பெரிய பிழை தரும். வீலையும் மாற்றியிருக்கலாம்.

வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கியிருக்கிறது. இது ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில் (இரு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும் ஆக்ஸில்) குணம்; ஃபியட்டின் ஒரே துண்டு ஆக்ஸில் இப்படி மடங்காது. ஆனால் அதே சக்கரத்துக்கு முன்னால் நீளவாக்கில் கட்டைவிரல் நக அளவில் ஒரு கறுப்புக் கோடு. அது லீஃப் ஸ்பிரிங்காக (எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) இருக்கலாம்; ஆனால் 1200 டிபிஐ ஸ்கேனிலும் பட்டை அடுக்குகள் பிரிந்து தெரியவில்லை.

அந்தக் கோடு ஹெரால்டின் ரேடியஸ் ராடா (சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பி), ஃபியட்டின் லீஃப் ஸ்பிரிங்கா?