ஒயில் குடிக்கிற பழைய லாண்ட்மாஸ்டருக்கு எந்த ஒயில்? எங்கள் அனுபவங்கள்

யாழ்ப்பாணம் உரும்பிராயிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் இரண்டு சக்கர உழவு மெஷின், லாண்ட்மாஸ்டர், இப்போது என் கையில் இருக்கிறது. எந்தக் கொம்பனியின் மெஷினாக இருந்தாலும் இங்கே லாண்ட்மாஸ்டர் என்றுதான் சொல்வோம். உண்மையில் அது இங்கிலாந்தில் செய்த ஒரு மெஷினின் பெயர். எங்களுடையது ஜப்பான் எஞ்சின், ஒற்றைச் சிலிண்டர். கையால் சுற்றி ஸ்ரார்ட் பண்ண வேண்டும், மேலே தொட்டியில் தண்ணீர் விட்டு ஆற்றுகிற வகை. யுத்த காலத்தில், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, அம்மம்மாவையும் நெல்லு மூட்டைகளையும் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு போனது இதுதான். ஆகவே "வித்துப்போட்டுப் புதுசு வாங்கு" என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

போன வருடத்துக்கு முதல் வருடம் வெங்காயத்துக்குத் தோட்டம் பண்படுத்தும்போதுதான் கவனித்தேன். காலையில் ஒயில் கம்பியின் மேல் கோட்டில் நின்ற ஒயில், மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது கீழ்க் கோட்டுக்கு வந்திருந்தது. எஞ்சினுக்குக் கீழே ஒரு சொட்டும் இல்லை. சுமை ஏறும்போது மட்டும் நீலப் புகை. கறுப்புப் புகை என்றால் டீசல் கூடிப் போகிறது, நீலம் என்றால் ஒயில் எரிகிறது என்பது அப்பா சொல்லித் தந்த பாடம்.

முதலில் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். கடைக்குப் போய் "தடிப்பான ஒயில் தாங்கோ" என்று கேட்டேன். அதுவரை 15W-40 விட்டு வந்தேன். கடைக்காரர் W இல்லாத தனி 40 எடுத்துத் தந்தார், "இது தடிப்பு" என்று சொல்லி. ஒரு கொப்பி எடுத்து, எத்தனை மணித்தியாலம் ஓடியது, எவ்வளவு ஒயில் விட்டேன் என்று எழுதத் தொடங்கினேன். ஐந்து மணித்தியாலத்துக்கு அரை லீற்றர். 15W-40 இலும் அதே அளவுதான்.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. W என்பதற்கு முன்னால் நிற்கிற எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதற்கானது. பின்னால் நிற்கிற 40தான் எஞ்சின் சூடான பிறகு அதன் தடிப்பு. 100 பாகைச் சூட்டில் தனி 40க்கும் 15W-40க்கும் ஒரே எல்லைதான்: 12.5 முதல் 16.3 சென்ரிஸ்ரோக் வரை (தடிப்பை அளக்கிற அலகு அது). பிஸ்ரனைச் சுற்றியிருக்கிற ரிங்கைத் தாண்டி ஒயில் மேலே போவது எஞ்சின் சூட்டில் நிற்கும்போது. அப்போது இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தை மாத விடியலிலும் எங்களுக்குக் குளிர் என்றால் 20 பாகை அளவுதான், பனி நாட்டுக்காரருக்கு வேண்டிய W எங்களுக்குப் பெரிதாக உதவாது. தனி 40 இல் ஒரு நன்மை இருக்கிறது. 15W-40 போன்றவற்றில் தடிப்பைக் காப்பாற்ற ஒரு பொலிமர் சேர்க்கிறார்கள், அது ஓட ஓட அறுந்து ஒயில் இளகும். தனி 40 இல் பொதுவாக அது இல்லை. பழைய மெஷினுக்கு நான் அதைத்தான் விரும்புகிறேன், மாற்றுகிற நாளைத் தவறவிடாமல் இருந்தால்.

அடுத்து 20W-50 விட்டுப் பார்த்தேன். 50 என்றால் சூட்டில் 16.3 முதல் 21.9 வரை, உண்மையாகவே தடிப்பு. ஐந்து மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் போனது கால் லீற்றருக்குக் கொஞ்சம் மேலாகக் குறைந்தது. காலையில் சுற்றும்போது கைபிடி பாரமாக இருந்தது, அது பரவாயில்லை. ஆனால் ஒரு விடயம் கவனிக்க வேண்டும். 20W-50 என்று கடையில் நிற்கிறவற்றில் பல மோட்டார் சைக்கிளுக்கும் காருக்குமானவை. கானின் பின்பக்கத்தில் API என்று தரக் குறி போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். S இல் தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு, C இல் தொடங்கினால் டீசலுக்கு. CF-4 என்பது 1990 இல் வந்த தரம், CH-4 1998, CI-4 2002. எங்கள் பழைய எஞ்சினுக்கு இவற்றில் எதுவும் காணும். டீசல் எஞ்சினின் கரியைத் தாங்கிக் கழுவுகிற மருந்து C ஒயிலில்தான் போதிய அளவு இருக்கும்.

இந்த இடத்தில் என் கதை முடிந்திருக்கலாம். கராஜில் ஒரு அண்ணை கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒயிலை மாத்தினது சரி. அது ஏன் போகுதெண்டு பாத்தனியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த ஓட்டையால் இரண்டு தேக்கரண்டி ஒயில் மட்டும் விட்டு, பூட்டி, மெதுவாகச் சுற்றச் சொன்னார். கூட விடக்கூடாது, பிஸ்ரன் ஒயிலை அமுக்க முடியாமல் உள்ளே தண்டே வளையும் என்றும் சொன்னார். முதலில் வெறுமனே சுற்றியபோது லேசாகப் போன கைபிடி இப்போது இறுகி நின்றது. "கொம்பிரசன் கூடுது, அப்ப வால்வு இல்லை, ரிங்தான்."

ஹெட்டைக் கழற்றினோம். ரிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். மேல் ரிங் தேயவில்லை, கரி பிடித்துத் தன் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாலும் அசையவில்லை. பிஸ்ரன் ஓடுகிற குழாயான லைனரின் மேல் விளிம்பில் அவர் விரலை ஓட்டிப் பார்த்தார், தடக்கவில்லை, அதுவும் தேயவில்லை. பிறகு லைனரை வெளியே இழுத்தார். அதன் வெளிப்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கதை வரவில்லை. தண்ணீர் நிற்கிற பக்கம் முழுக்கச் சாம்பல் நிறக் கல்லு, சிரட்டைத் தடிப்பில். சுரண்டச் சுரண்ட முட்டைக்கோது போல உடைந்து விழுந்தது. ஒரு செம்பு நிறைய வந்தது.

எல்லாம் எங்கள் கிணற்றுத் தண்ணீர். வலிகாமம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலேதான் இருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதுதான் எஞ்சினுக்குள்ளும் வருடக்கணக்காகப் பிடித்திருக்கிறது. தொட்டி கொதித்துக் குறையக் குறைய நான் கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறேன். ஆவி போக, சுண்ணாம்பு மட்டும் தங்கிவிட்டது. கல்லுப் போர்த்திய லைனர் சூட்டை வெளியே விடாது. உள்ளே ஒயில் இளகி எரிகிறது, எரிந்த கரி ரிங்கை ஒட்டுகிறது, ஒட்டிய ரிங் இன்னும் ஒயிலை மேலே விடுகிறது. நான் கடையில் நின்று 40ஆ 50ஆ என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க நடந்தது இதுதான்.

புது ரிங், லைனருக்குப் புது ரப்பர் வளையம், சுரண்டிய தொட்டி. இப்போது மழைத் தண்ணீர் மட்டும்தான் விடுகிறேன். மாரியில் ஓட்டு வீட்டுக் கூரைத் தண்ணீரை இரண்டு பரலில் பிடித்து மூடி வைத்தால் அடுத்த மாரி வரை காணும். உங்களுடையது எந்த எஞ்சின், என்ன ஒயில், எத்தனை மணிக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள்.

*

அச்சுவேலி. எங்களுடையது சீனாவின் 195 எஞ்சின். 1 என்றால் ஒரு சிலிண்டர், 95 என்றால் அதன் விட்டம் மில்லிமீற்றரில். 12 குதிரை வலு. மேலே எழுதியவர் தண்ணீரால் பட்டதை நான் காற்றால் பட்டேன்.

எங்கள் செம்மண் தூள் எவ்வளவு நைசு என்று தோட்டக்காரருக்குத் தெரியும். பங்குனி, சித்திரையில் உழும்போது முகம், கண் இமை எல்லாம் சிவப்பு. அந்தத் தூள் எஞ்சினுக்குள் போனால் ரிங்கையும் லைனரையும் அரத்தால் ராவுவது போல ராவும். அதைப் பிடிக்கத்தான் எயார் கிளீனரின் அடிக் கிண்ணத்தில் ஒயில் விடுகிறோம். எனக்கு உதவிக்கு வந்த பெடியன் பாவம், நல்லது செய்வதாக நினைத்துக் கிண்ணத்தின் கோட்டுக்கு மேலே, கழுத்து வரை ஒயில் விட்டுவிட்டான். ஸ்ரார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் நீலப் புகை வளவை மூடியது. எஞ்சின் அந்த ஒயிலை உறிஞ்சி அதையே எரிபொருளாக எடுத்துக் கத்தத் தொடங்கியது. டீசலை நிறுத்தினேன், நிற்கவில்லை. வேகம் கூடிக்கொண்டே போனது. பக்கத்தில் கிடந்த பலகைத் துண்டைக் காற்றுப் போகிற வாயில் அமர்த்திப் பிடித்தேன், இரண்டு மூன்று முறை இருமி நின்றது. கையால் பொத்தப் பார்க்க வேண்டாம், உள்ளே இழுத்துவிடும்.

அதனால் புகை வந்தால் முதலில் அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, காசும் இல்லை. கோட்டுக்கு மேலே நின்றால் ஊற்றுங்கள். அடியில் சேறாக மண் படிந்திருந்தால் டீசலில் கழுவிப் புது ஒயில் விடுங்கள். வெயில் காலத்தில் நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். எஞ்சினுக்கு 15W-40 CI-4, சாதாரண மினரல் ஒயில். ஒயில் எரிக்கிற எஞ்சினுக்கு விலை கூடின சிந்தெற்றிக் விடுவது காசைப் புகையாக்குவதுதான்.

*

கோப்பாய். எனக்கு மறுபக்கம். ஒயில் குறையவில்லை, கூடியது. நான் விடாமலேயே கம்பியில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. சந்தோசப்பட்டேன். ஐயா வந்து கம்பியை மணந்து பார்த்துவிட்டு "டீசல் மணக்குது, உடன நிப்பாட்டு" என்றார். டீசல் பம்ப் உள்ளே ஒழுகி ஒயிலோடு கலந்திருந்தது. விரலுக்கிடையில் தேய்த்தால் தண்ணீர் போல. அந்த ஒயிலோடு ஒரு நாள் உழுதிருந்தால் பெயரிங் போயிருக்கும். கம்பியைப் பார்க்கும்போது மணந்தும் பாருங்கள், இரண்டு செக்கன்தான்.

*

மட்டுவில். நான் வயல்காரன், சேற்றில்தான் வேலை, அதனால் எஞ்சின் மணிக்கணக்காக முழுச் சுமையில் நிற்கும். இரண்டு தவறு செய்திருக்கிறேன், எழுதினால் ஒருவருக்காவது உதவும்.

முதலாவது 2022. டீசலுக்குக் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலம், ஒயில் விலை எங்கேயோ போய்விட்டது. ஒரு கடையில் முத்திரை இல்லாத கானில் மலிவாகத் தந்தார்கள், வாங்கினேன். பார்க்கத் தேன் நிறம், தடிப்பு. சூடானதும் எண்ணெய் விளக்குக்கு விடுகிற எண்ணெய் போல ஆகிவிட்டது. பத்து மணித்தியாலம் தாண்டவில்லை, ஒயில் பிரஷர் காட்டுகிற முள்ளு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து மூடியின் வளையம் உடையாத கான்தான். முடிந்த கானின் மூடியையும் வெட்டிவிட்டுத்தான் எறிகிறேன், யாரும் திரும்ப நிரப்பாமல் இருக்க.

இரண்டாவது, "40க்குப் பதிலாக 90 விடு, இரண்டு மடங்கு தடிப்பு" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு கியர் ஒயில் 90ஐ எஞ்சினுக்கு விட்டது. கியர் ஒயிலுக்கு எண் போடுகிற கணக்கே வேறு. அந்த 90 தடிப்பில் எஞ்சின் ஒயிலின் 40, 50 அளவுதான். அதில் கரியைக் கழுவுகிற மருந்தும் இல்லை, பல்லுச் சக்கரத்துக்குச் சேர்க்கிற கந்தக மருந்து சூட்டில் பித்தளைப் புஷ்ஷை அரிக்கும். ஒரு கிழமையில் கம்பியில் தார் போல ஒட்டியது. மூன்று முறை ஒயில் மாற்றிக் கழுவித்தான் எடுத்தேன்.

புகை நிறுத்துகிற மருந்து என்று சின்னப் போத்தலில் விற்கிறார்கள். அதையும் விட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் புகை குறைந்தது, மூன்றாம் நாள் பழையபடி. அது ஒயிலைத் தடிப்பாக்குகிற சாமான்தான். அந்தக் காசுக்குத் தனி 40 ஒரு லீற்றர் கூட வாங்கலாம். என் எஞ்சின் இன்னும் கொஞ்சம் குடிக்கிறது. அறுவடை முடிய லைனர் மாற்றப் போகிறேன், அதுவரைக்கும் பெட்டியில் எப்போதும் ஒரு கான் ஒயில் இருக்கும். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, சமதரையில் வைத்து அளந்து, மேல் கோட்டுக்கு மேலே போகாமல் விடுகிறேன். மேல் கோட்டைத் தாண்டினால் சுழலும் தண்டு ஒயிலை அடித்து இன்னும் கூட எரிக்கும்.

*

மறுபடி உரும்பிராய். எல்லோருக்கும் நன்றி. கோப்பாய்க்காரர் சொன்னதைப் படித்த உடனே போய் மணந்து பார்த்தேன், நல்ல வேளை, டீசல் மணம் இல்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த எஞ்சினை உழவில்லாத நாளில் கிணற்றடியில் வைத்துத்தான் தண்ணீர் இறைக்கிறோம். மாற்றுகிற பழைய ஒயிலை வேலியோரம் ஊற்றாதீர்கள், தூசு அடங்கட்டும் என்று ஒழுங்கையிலும் ஊற்றாதீர்கள். எங்கள் கல்லு ஓட்டை ஓட்டையானது, மேலே ஊற்றியது கீழே நாங்கள் குடிக்கிற தண்ணீருக்குப் போகும். 2014, 2015 இல் சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் மிதந்து, சனம் பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். நான் பழைய ஒயிலை அதே கானில் திரும்ப ஊற்றி மூடி, கராஜில் பழைய ஒயில் சேர்க்கிற பரலில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எஞ்சின் நிற்கிற இடத்தில் ஒரு தகரத் தட்டும் மரத்தூளும் போட்டிருக்கிறேன்.

ரிங் மாற்றிய பிறகு தனி 40க்கே திரும்பிவிட்டேன், 50 தேவைப்படவில்லை. கொப்பியில் நேற்றைய கணக்கு: பீற்றூட் பாத்திக்கு ஆறு மணித்தியாலம் உழுதது, கம்பியில் குறைந்தது ஒரு நெல்லின் அகலம், தொட்டிக்கு விட்ட மழைத் தண்ணீர் மூன்று செம்பு.