வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்: பாட்டில்நெக்

கொளத்தூர் ஆசிரியை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மாலை வகுப்பில் பதினாறு பேருக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யச் சொல்லித் தருகிறேன். பாதிப் பேருக்கு கேம் ஆட வேண்டும், மீதிப் பேருக்கு வீடியோ எடிட்டிங், ப்ளெண்டர் (3டி படம் செய்யும் மென்பொருள்). எல்லாரும் தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களுக்காக எழுதிய கையேடு வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

ஒருவர் கையிலிருக்கும் காசையெல்லாம் போட்டுப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறார், ப்ராசஸர் பழையது. 144 ஹெர்ட்ஸ் திரையின் வேகத்துக்கு, அதாவது விநாடிக்கு 144 படம் (ஃப்ரேம்) வீதம், கேம் ஓட வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 6.9 மில்லிவிநாடிதான் கிடைக்கும். அதற்குள் ப்ராசஸர் தன் கணக்கை முடித்துக் கொடுக்காவிட்டால் கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இங்கே ப்ராசஸர்தான் பாட்டில்நெக். எனக்குப் பெயராகவும் வேண்டும், வினையாகவும் வேண்டும். பையன்கள் "பாட்டில்நெக் ஆவுது மிஸ்" என்கிறார்கள்.

இப்போதைக்கு 'முட்டுக்கட்டை' என்று போட்டு வைத்திருக்கிறேன். பிடிக்கவில்லை. முட்டுக்கட்டை என்பது வேண்டுமென்றே போடுவது. பாவம் அந்த ப்ராசஸர், தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

தாம்பரம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மேடம், உங்கள் கடிதத்திலேயே ப்ராசஸர், கார்டு, கேம், ஃப்ரேம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பாட்டில்நெக் மட்டும் என்ன பாவம் செய்தது? விட்டுவிடுங்கள்.

'குப்பிக்கழுத்து' என்று யாராவது கிளம்புவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையில் அதை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். படித்தவர் போன் செய்து "எந்தக் குப்பி?" என்று கேட்டார்.

கொளத்தூர் ஆசிரியை எழுதியது:

> பாட்டில்நெக் மட்டும் என்ன பாவம் செய்தது?

ப்ராசஸர் கடையில் கேட்டு வாங்கும் சாமான். அதன் பெயரை மாற்றினால் பிள்ளை கடையில் போய் விழிப்பான். பாட்டில்நெக் சாமான் இல்லை, ஒரு கருத்து. கருத்து சொந்த மொழியில் இருந்தால்தான் தலைக்குள் இறங்கும். என் அனுபவம் அவ்வளவுதான்.

ப்ராசஸருக்கு முதலில் 'செயலி' என்றுதான் எழுதினேன். "எந்தச் செயலியை டவுன்லோட் பண்ணணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். அன்றே அடித்துவிட்டேன்.

மயிலைப் பேராசிரியர் எழுதியது:

அன்புடையீர்,

செயலிக்கு நேர்ந்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ப்ராசஸருக்கு வைத்த பெயர். நுண்செயலி என்று அழகாக ஒரு தொடரும் கிடைத்தது. கைப்பேசி வந்தது, 'ஆப்' வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஊரே அப்படிச் சொல்லும்போது இனி வழக்காட முடியாது.

சரி, கேட்ட சொல்லுக்கு வருகிறேன். ஏன் கடன் வாங்க வேண்டும்? வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறதே:

ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை.

பொருள் வரும் வழி ஆகாறு, போகும் வழி போகாறு. ஆகு, போகு என்னும் பகுதிகளோடு ஆறு சேர்ந்த வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொது. தரவு போகும் வழி குறுகியிருப்பதைக் 'குறும்போகாறு' என்போம். சுருக்கமாகப் போகாறு என்றாலே போதும்.

தாம்பரம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். குறளில் போகாறு அகலாமல் இருப்பது நல்லது. அகலாதவரை கேடில்லை என்கிறார் வள்ளுவர். கம்ப்யூட்டரில் அது அகலாமல் இருப்பதுதான் கேடே. தலைகீழாகப் போகிறது.

மயிலைப் பேராசிரியர் எழுதியது:

தம்பி, புட்டிக்குக் கழுத்து குறுகியிருப்பது கேடா? அது இல்லாவிட்டால் எண்ணெய் முழுவதும் தோசைக்கல்லில் கொட்டிவிடும். ஆங்கிலத்தான் நல்ல கழுத்தை எடுத்துக் கெட்ட பொருளில் ஆளலாம், நாம் போகாற்றை ஆளக் கூடாதோ?

தாம்பரம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இது நல்ல பதில். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொளத்தூரில் பதினாறு பேரில் எத்தனை பேர் போகாறு என்றதும் வினைத்தொகையை நினைப்பார்கள்?

ஆதம்பாக்கம் அன்பர் எழுதியது:

நண்பர்களே, இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியாது. சொல் நம் வீட்டுக் கதவிலேயே இருக்கிறது: இடுக்கு. கதவிடுக்கு, பல்லிடுக்கு, சந்து இடுக்கு. அகலமான வழி திடீரென்று ஒடுங்கும் இடம்.

வேரைப் பாருங்கள். இடுகு என்றால் சிறுத்தல், ஒடுங்குதல். பழம்பாடல்களில் மெல்லிய இடைக்கு 'இடுகிடை' என்று வரும். இடுகு, இடுங்கு, இடுக்கு. அடங்கு அடக்கு, முடங்கு முடக்கு போலத் தன்வினையும் பிறவினையும் கைக்கு அடக்கமாக வந்து நிற்கின்றன. ஆசிரியை வினையும் கேட்டார் அல்லவா?

மலையாளத்திலும் இடுக்கு என்றால் குறுகிய மலைவழி. இடுக்கி மாவட்டம் அங்கிருந்துதான் பெயர் பெற்றது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாறு நெருங்கி ஓடும் இடத்தில்தானே வளைவு அணையைக் கட்டினார்கள்? ஆறு இடுங்கும் இடம் இடுக்கி. தரவு இடுங்கும் இடம் இடுக்கு. துன்பத்துக்கு இடுக்கண் என்று பெயர் வந்ததும், துன்பத்தில் கண் இடுங்குவதால்தான் என்பது என் துணிபு. இடர், இடறு, இடைஞ்சல் இவற்றையும் இதே குடும்பத்தில் சேர்க்கலாம் என்று ஐந்து பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தனியாக அனுப்புகிறேன்.

மயிலைப் பேராசிரியர் எழுதியது:

அனுப்ப வேண்டாம். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியர் உங்களை நினைத்துத்தான் எழுதினாரோ என்னவோ.

ஆதம்பாக்கம் அன்பர் எழுதியது:

ஐயா, 'விழிப்பத் தோன்றா' என்றுதான் சொன்னார். பளிச்சென்று தெரியாது, அவ்வளவுதான். காரணமே இல்லை என்று சொல்லவில்லை. தேடுகிறவனுக்குக் கிடைக்கும். ஐந்து பக்கத்தையும் அனுப்பிவிட்டேன்.

ரிச்சி தெரு கடைக்காரர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பில்டு போட்டுக் கொடுக்கிறவன். தமிழ் படித்தது பன்னிரண்டாவது வரைக்கும்தான். எங்கள் தெருவில் வந்து "அண்ணே, இடுக்கு எங்க இருக்கு?" என்று கேட்டால் கையைக் காட்டி வழி சொல்லுவார்கள். அங்கே இருப்பதெல்லாம் இடுக்குதான்.

ஆனால் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. கஸ்டமருக்குப் புரியவைப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. வருகிறவர் யூடியூப் பார்த்துவிட்டு கார்டு பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். ரேம் 16 ஜிபி ஒரே குச்சியாகப் போடச் சொல்லுவார். இரண்டு 8 ஜிபி போட்டால் இரண்டு சேனலிலும், அதாவது தரவு போகிற இரண்டு வழியிலும், ஓடும் என்று சொன்னால், நாம் ஏதோ கூட விற்கப் பார்க்கிறோம் என்று நினைப்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் காசை மிச்சம் பிடிப்பார். பள்ளிக்கூடத்தில் படித்த குறள் ஒன்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்.' மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் அச்சு முறியும். ரெண்டரிங் ஓடும்போது பொட்டென்று ஆஃப் ஆகிற பிசி எல்லாம் இந்தக் குறள்தான்.

மயிலைப் பேராசிரியர் எழுதியது:

475. அதே வலியறிதல் அதிகாரம். ஐயா, நீங்கள் அடிக்கடி எழுத வேண்டும்.

கொளத்தூர் ஆசிரியை எழுதியது:

குறளை அப்படியே எஸ்எம்பிஎஸ் பாடத்தின் தலையில் போட்டுவிட்டேன். ஆனால் அது பாட்டில்நெக் இல்லை அண்ணா. அச்சு முறிவது வேறு, நல்ல அச்சு இருந்தும் முன்னால் போகிற வண்டிக்காகக் காத்துக் கிடப்பது வேறு. இன்று புதன். ஞாபகப்படுத்துகிறேன்.

திருவான்மியூர் எடிட்டர் எழுதியது:

நான் குறும்படம், விளம்பரம் வெட்டுகிறவள். எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கழுத்து, இடுக்கு, போகாறு எல்லாமே ஓரிடத்தில் நிலையாக இருக்கும். நிஜத்தில் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதுதான் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டியது.

என் மிஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஹார்டு டிஸ்கிலிருந்து நேரடியாக நாலு கேமரா ஃபுட்டேஜைப் போட்டால் டிஸ்க்தான் திணறும். அதையே எஸ்எஸ்டிக்கு மாற்றினால் டிஸ்க் தப்பித்துக்கொள்ளும், ப்ராசஸர் மூச்சு வாங்கும். எஃபெக்ட் அடுக்கினால் ரேம் நிரம்பும். ப்ளெண்டரில் ஒரு பெரிய காட்சியை ரெண்டருக்குப் போட்டால் கார்டின் மெமரி போதாது. சாயங்காலம் தம்பி வந்து அதிலேயே கேம் ஆடுவான். 1080பி-யில் ஆடினால் ப்ராசஸருக்காகக் கார்டு காத்திருக்கும். 4கே திரையை மாட்டினால் கதை தலைகீழ். 20,73,600 புள்ளிகள் இருந்த இடத்தில் 82,94,400, சரியாக நாலு மடங்கு. அந்தச் சுமை முழுக்க கார்டின் தலையில் விழும், ப்ராசஸர் அதற்காகக் காத்திருக்கும். பெட்டியைத் திறக்கவே இல்லை, ஒரு சாமானும் மாற்றவில்லை, கழுத்து மட்டும் இடம் மாறிவிட்டது. மே மாதம் ஏசி இல்லாத அறை என்றால் இன்னொரு கழுத்து முளைக்கும். சூடு தாங்காமல் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே அது ஒரு சாமானும் இல்லை, ஓர் இடமும் இல்லை. கல்யாணப் பந்தி மாதிரி. ஒருவர் மட்டும் மெதுவாகப் பாயசத்தை வழித்துக்கொண்டிருப்பார். அவர் எழுந்தால்தான் இலை எடுக்க முடியும், அடுத்த பந்தி உட்கார முடியும். நாளைப் பந்தியில் வேறொருவர். எனவே 'பின்தங்கி' என்று வைக்கலாம். கணினி, செருகி மாதிரி இகர விகுதி.

ஆதம்பாக்கம் அன்பர் எழுதியது:

பந்தி! பந்தி என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று யாராவது

கொளத்தூர் ஆசிரியை எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம். தயவுசெய்து.

திருவான்மியூர் அம்மாவின் பந்தியை வகுப்பில் கட்டாயம் சொல்லுவேன். ஆனால் 'பின்தங்கி' வேண்டாம். என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சாதிச் சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்ட' என்ற சொல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள். மெதுவான சாமானுக்குப் பின்தங்கி என்று பெயர் வைத்தால், மறுநாளே பின்பெஞ்சுப் பையனைப் பார்த்து இன்னொருவன் அதைச் சொல்லுவான். அந்த வழியை நான் திறந்துவிட மாட்டேன்.

திருவான்மியூர் எடிட்டர் எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பப் பெறுகிறேன்.

ஒரு சோதனையை மட்டும் கையேட்டில் சேருங்கள். கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டுதான் திணறியது. அசையாமல் நின்றால் ப்ராசஸர் பக்கம் பார்க்க வேண்டும். பெயர் எதுவாக இருந்தாலும் இதைத் தெரிந்தவன் வீண்செலவு செய்ய மாட்டான்.

தாம்பரம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இடுக்குக்கு என் அரைமனதான வாக்கு. வினையில்தான் இடிக்கிறது. "ப்ராசஸர் கார்டை இடுக்குகிறது" என்றால் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவது போலத் தோன்றுகிறது. 'ஒடுக்குகிறது' என்றால் ஊர்வலம் போக வேண்டியிருக்கும். 'இடுக்காகிறது' என்று வைத்தால் தப்பிக்கலாம்.

ஆதம்பாக்கம் அன்பர் எழுதியது:

பிறவினையை இப்படிக் கைவிடுவது கோழைத்தனம். இருந்தாலும் இடுக்கு ஜெயிப்பதால் பொறுத்துக்கொள்கிறேன். பி.கு: திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. எத்தனை பெரிய கூட்டம் வந்தாலும் ஒவ்வொருவராகப் படுத்து ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். இதைவிட நல்ல விளக்கப்படம் கிடைக்குமா?

கொளத்தூர் ஆசிரியை எழுதியது:

வியாழன் இரவு, பதினொன்றே கால். எண்ணிப் பார்த்தேன். இடுக்குக்கு நாலு பேர், அதில் ஒருவர் அரைமனது. போகாற்றுக்கு ஒருவர்.

எழுதியது இதுதான்: "ஒரு வேலையில் எந்தப் பாகத்துக்காக மற்ற பாகங்கள் காத்திருக்கின்றனவோ அதுவே அந்த வேலையின் இடுக்கு. கடையில் இதைப் பாட்டில்நெக் என்பார்கள். வேலை மாறினால் இடுக்கும் மாறும்." பிள்ளையார் கோயிலும் பந்தியும் உள்ளே வந்துவிட்டன. அடுத்த வாரம் எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

கொளத்தூர் ஆசிரியை எழுதியது:

வகுப்பு முடிந்தது. பந்தி உடனே புரிந்தது. சொல்தான் அரை மணி நேரத்தில் வேறாகிவிட்டது. பின்பெஞ்சுப் பையன் ஒருவன் "இந்த போர்டுக்கு இந்த ப்ராசஸர் போட்டா இடிக்கும் மிஸ்" என்றான். அப்புறம் எல்லாரும் 'இடிக்குது' என்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை.

ஆதம்பாக்கம் அன்பர் எழுதியது:

திருத்த வேண்டியதில்லை! இடி, இடுக்கு இரண்டுக்கும் உறவு உண்டு என்று என் மூன்றாம் பக்கத்திலேயே

மயிலைப் பேராசிரியர் எழுதியது:

அன்புடையீர்,

நேற்று என் பேரன் கம்ப்யூட்டர் வாங்கப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிகூட ப்ராசஸருக்கு இல்லை. "போகாறு பார்த்தாயா?" என்று கேட்டேன். "எது போகாது தாத்தா?" என்றான். குறளைச் சொல்லி விளக்கினேன். கார்டில் ஒரு படி இறங்கி, ப்ராசஸரில் ஒரு படி ஏறிக்கொண்டான்.

என் வாக்கு போகாற்றுக்கே. பதிவு செய்துகொள்ளவும்.